கன்றோடு வந்து சேரும் நூற்புழு: கொய்யாத் தோப்புக்காரர்களுக்கு ஒரு நீண்ட குறிப்பு

கொய்யாக் கன்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இலையின் பசுமையையும் தண்டின் பருமனையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பையைக் கிழித்து வேரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நர்சரிக்காரருக்கு முகம் மாறும். உடன் வந்தவர்களுக்கும் அது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் பழநி, ஆயக்குடி வட்டாரத்தில் தோப்பு வைத்திருக்கும் உறவினர்களோடும் நண்பர்களோடும் பல ஆண்டுகளாகப் பேசியும், காய்ந்த மரங்களைத் தோண்டிப் பார்த்தும் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வேர் முடிச்சு நூற்புழுவைப் பொறுத்தவரை, தோப்பின் ஆயுள் நடவுக்கு முன்பே அந்தக் கறுப்புப் பைக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நட்ட பிறகு செய்யக்கூடியவை உண்டு, அவற்றையும் கீழே எழுதுகிறேன். ஆயினும் தோப்பு மண்ணில் ஒருமுறை குடியேறிய இந்தப் புழுவை அடியோடு ஒழித்தவர் என்று எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

நூற்புழுக்களில் பெரும்பகுதி மண்ணில் பாக்டீரியாவையும் பூஞ்சாணத்தையும் தின்று வாழ்பவை. அவற்றால் பயிருக்குத் தீங்கு இல்லை. வேரில் முடிச்சு உண்டாக்குபவை மெலாய்டோகைன் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், மஞ்சள், வாழை, சம்பங்கி என்று எதையும் விட்டுவைக்காத மெலாய்டோகைன் இன்காக்னிட்டா நமக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது. கொய்யாவை இப்போது வாட்டுவது அதன் உறவினமான மெலாய்டோகைன் என்டெரோலோபி. சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து எடுக்கப்பட்டு 1983-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனம், பிரேசிலில் கொய்யாத் தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தாக்கி, அங்கே கிழங்கையும் கொடியையும் இடம்பெயர்ப்பதற்கே கட்டுப்பாடு விதிக்கும் நிலையை உண்டாக்கியது. இந்தியாவில் கொய்யாவில் இது இருப்பதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-இல் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து, நம் ஆயக்குடிப் பகுதித் தோப்புகளிலிருந்து சென்றது என்பதால்தான் இதைப் பற்றி எழுத எனக்கு இத்தனை அக்கறை.

இரண்டு இனங்களுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. தக்காளியில் எம்ஐ-1 என்ற எதிர்ப்பு மரபணு ஒன்று இருக்கிறது. காட்டுத் தக்காளியிலிருந்து 1940-களில் மிகுந்த பாடுபட்டுப் பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மரபணு, இன்காக்னிட்டாவை நன்றாகவே தடுக்கும். மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மட்டும் அதன் பிடி தளர்ந்துவிடும். நம் ஊர்க் கோடையில் மண் எவ்வளவு சூடேறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. என்டெரோலோபியோ வெப்பம் எவ்வளவாக இருந்தாலும் அந்த மரபணுவை மீறி வேருக்குள் பெருகிவிடுகிறது. ஆகவே எதிர்ப்பு ரகம் என்று எழுதிய தக்காளி விதையை வாங்கிக் கொய்யாவுக்கு நடுவே ஊடுபயிராக விதைப்பவர், தமக்குத் தெரியாமலே புழுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்.

வேர் முடிச்சின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பழைய இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் பெர்க்லி என்ற ஆய்வாளர் இதை 1855-இல் குறிப்பிட்டார்; இந்தியாவில் முதல் பதிவு 1901-இல் நீலகிரியின் தேவாலா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அதை எழுதிய பார்பர், பின்னாளில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் தொடக்க காலத்தில் பணியாற்றியவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் மண்ணில் அறியப்பட்ட ஒரு புழுவைப் பற்றி விவசாயிகளிடையே இன்னும் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்வதுதான்.

அந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்த இடத்தில் அதைத் தடுக்கலாம் என்பது அதிலிருந்துதான் தெரியவரும். முட்டைக்குள்ளேயே ஒருமுறை தோலுரித்துக்கொண்டு வெளியே வரும் இளம்புழு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். மண்துகள்களுக்கு இடையே உள்ள ஈரப் படலத்தில் நெளிந்து சென்று, வேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள இளம் பகுதியைத் துளைத்து அது உள்ளே நுழைகிறது. மணல் கலந்த செம்மண்ணில் துகளிடை வெளி அகலமாக இருப்பதால் அதன் பயணம் எளிது. நம் பகுதியின் மண் அத்தகையதுதான். உள்ளே நுழைந்த புழு நேராக மேலே ஏறுவதில்லை. முதலில் நுனியை நோக்கி இறங்கி, அங்கே திரும்பி, நீரும் சத்தும் ஓடும் வேரின் நடுப்பகுதிக்குள் ஏறி ஓரிடத்தில் தங்குகிறது. தலையைச் சுற்றியுள்ள சில செல்களில் தன் ஊசிபோன்ற வாயுறுப்பால் சுரப்புகளைச் செலுத்தியதும், அந்தச் செல்கள் பிளவுபடாமல் உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிந்து, பல மடங்கு பெருத்த ராட்சதச் செல்களாக மாறுகின்றன. மரம் இலைகளில் தயாரித்து அனுப்பும் சத்து அந்தச் செல்களுக்கு வந்து சேர, புழு அங்கிருந்தே உறிஞ்சிக் குடிக்கிறது; சுற்றியுள்ள திசுக்கள் வீங்கி நாம் பார்க்கும் முடிச்சு உண்டாகிறது.

அதன் பிறகு பெண் புழு இடம்விட்டு நகர்வதே இல்லை. உடல் உருண்டு பேரிக்காய் வடிவம் கொள்கிறது. இந்த இனங்களில் ஆணின் துணை இல்லாமலே முட்டை உருவாகும் என்பதால், தப்பிப் பிழைத்த ஒரே ஒரு பெண் போதும், தலைமுறை தொடர்ந்துவிடும். வேரின் மேற்பரப்பில் ஒரு பசைத்துளிக்குள் 300 முதல் 500 முட்டைகள் வரை இடுகிறது. மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருக்கும்போது ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. தக்காளி என்றால் அறுவடையோடு வேர் காய்ந்து புழுவுக்கும் உணவு கிடைக்காமல் போகும். கொய்யாவிலோ ஆண்டு முழுவதும் புது வேர் விட்டுக்கொண்டே இருப்பதால் புழுவுக்குப் பசிக்காலமே கிடையாது.

மரத்தின் மேலே தெரியும் அடையாளங்கள் எளிதில் ஏமாற்றக்கூடியவை. இலை விளிம்பு சிவந்து செம்பு நிறமாகும், பிறகு மஞ்சளாகி உதிரும், கிளை நுனிகள் காயும், காய் சிறுத்து எண்ணிக்கை குறையும், உச்சி வெயிலில் மரம் வாடி மாலையில் நிமிரும். "மரம் ஏனுங்க இப்படி வெளுத்துப் போகுது?" என்று கேட்டால், உரக்கடையில் நுண்ணூட்டக் கலவை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். துத்தநாகக் குறையும் மக்னீசியக் குறையும் கொய்யாவில் வரக்கூடியவையே, ஆகவே அந்த ஆலோசனையை முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் தெளித்த பின் ஒரு புதுத் தளிர் மட்டும் பச்சையாக வந்து, அடுத்த மாதம் மறுபடியும் அதே வெளுப்பு திரும்பினால், சிக்கல் இலையில் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

வாடல் நோய் என்று பெயர் சூட்டி மரத்தைக் கைகழுவிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வாடலுக்குக் காரணமான ஃபியூசேரியம் பூஞ்சாணம் உண்மையில் அந்த வேரில் இருக்கும்; ஆனால் அதற்கு வழி திறந்துவிட்டது பெரும்பாலும் நூற்புழுதான். பருத்தியில் இந்தக் கூட்டு அழிவை அட்கின்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் அலபாமாவில் 1892-லேயே கண்டு எழுதினார். கொய்யாவில் என்டெரோலோபி தாக்கிய வேரை ஃபியூசேரியம் சொலானி அழுகச் செய்வதைப் பிரேசில் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். புழு இல்லாத வேரில் அதே பூஞ்சாணத்தால் அந்த அளவுக்கு அழிவு வருவதில்லை. எனவே பூஞ்சாணக்கொல்லியை மட்டும் வேரில் ஊற்றிக்கொண்டிருப்பது, நோயின் இரண்டாம் பாதிக்கு மட்டும் செய்யும் வைத்தியம்.

வேரைப் பார்ப்பது எப்படி என்பதை நான் செய்யும் விதத்திலேயே சொல்கிறேன். மரத்தின் அடியில் தோண்டக் கூடாது. அங்கே இருப்பது பருத்த பழைய வேர். கிளை விரிப்பின் நிழல் விழும் ஓரத்தில், சொட்டுநீர்க் குழாயின் ஈரம் படும் இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் சல்லி வேர்கள் இருக்கும். அவற்றை இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், ஆகவே மண்ணோடு சேர்த்து அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கையால் அலசி எடுக்க வேண்டும். நல்ல கொய்யாச் சல்லி வேர் மெல்லியதாக, ஒரே சீராக, நுனியில் வெளிர் நிறத்தோடு இருக்கும். தாக்குண்ட வேரில் தொடக்கத்தில் நூலில் மணி கோத்ததுபோல் சிறு வீக்கங்கள் தெரியும். நாளாக ஆக அவை ஒன்றோடொன்று சேர்ந்து இஞ்சித் துண்டு அளவுக்குப் பருத்துவிடும், சல்லி வேர்களே அற்றுப்போயிருக்கும். வீக்கத்தின் மேல் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பசைத்துளிகள் முட்டைக் கூடுகள். ஒரு முடிச்சை நகத்தால் மெல்லப் பிளந்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிய, பளபளக்கும் வெள்ளை மணிகள் வெளிப்படும். அவைதான் பெண் புழுக்கள். ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போட்டிருப்பவர்கள், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் முடிச்சுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டி, தேய்த்தால் உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரின் உடலே வீங்கியது, அதைத் தனியே பிரிக்க முடியாது.

இதே சோதனையை நர்சரியிலேயே செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வெளியூர் நர்சரி ஒன்றிலிருந்து லாரியில் வந்து இறங்கிய பதியன் கன்றுகள் பார்ப்பதற்கு அத்தனை செழிப்பாக இருந்தன. சந்தேகத்தின் பேரில் ஒரு பையைக் கிழித்து அலசிப் பார்த்தபோது பையின் அடியில் சுருண்டிருந்த வேர் முழுவதும் முடிச்சாக இருந்தது. அந்தச் சுமையைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. பணம் முன்பே கைமாறியிருந்தது, நர்சரியோ வேரைப் பற்றி எவரும் இதுவரை குறை சொன்னதில்லை என்று பதில் சொல்லி முடித்துக்கொண்டது. அன்று அந்த விவசாயி முகத்தில் தெரிந்த தவிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கன்றின் உரத்துக்கும் தண்ணீருக்கும் நர்சரி தாராளமாகச் செலவு செய்வதால், முடிச்சு விழுந்த கன்றுகூடப் பைக்குள் இருக்கும்வரை பசுமையாகவே நிற்கும். தோட்டத்து வெயிலுக்கு வந்து, காய்ப்புச் சுமை ஏறும்போதுதான் வேரின் இயலாமை வெளிப்படும்.

நர்சரியில் புழு நுழையும் வழிகள் சிலவே. பைக்கு நிரப்பும் செம்மண் காய்கறி விளைந்த வயலிலிருந்து வருகிறது. பைகளை நேராகத் தரையில் அடுக்குவதால் அடித்துளை வழியே வேர் மண்ணுக்குள் இறங்கிப் புழுவை வாங்கிக்கொள்கிறது. ஒரே இடத்தில் ஆண்டாண்டாகக் கன்று வைப்பதால் அந்தத் தரையே புழுக் கிடங்காகிவிடுகிறது. வீட்டிலேயே கன்று தயாரிப்பவர்கள் சித்திரை, வைகாசி வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நிரப்பும் மண்ணை நன்றாக நனைத்து, முக்கால் அடி உயரத்துக்கு மிகாமல் பரப்பி, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாதபடி மூடி, ஓரங்களில் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் வரை விட்டுவிட வேண்டும். கறுப்புத் தாள் இதற்கு உதவாது. அது வெப்பத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். தாளை எடுத்த பின் மக்கிய தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, உயிரிப் பூஞ்சாணங்கள் சேர்த்துப் பையில் நிரப்பி, தரையில் வைக்காமல் கல் பாவிய தளத்திலோ கம்பி மேடையிலோ அடுக்கினால், கன்று சுத்தமான வேரோடு தோட்டத்துக்குப் போகும்.

ஏற்கெனவே புழு குடியேறிய தோப்பில் முதலில் கவனிக்க வேண்டியது ஊடுபயிர். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பூசணி வகைகள் எல்லாமே புழுவைப் பெருக்குபவை. களையாக வரும் மணத்தக்காளியும் அப்படித்தான். நிலக்கடலையில் என்டெரோலோபி பெருகுவதில்லை. செண்டுமல்லியின் வேரிலிருந்து கசியும் ஆல்பா டெர்தைனைல் என்ற பொருள் வேர் முடிச்சுப் புழுக்களைக் கொல்லக்கூடியது, ஆனால் வரப்போரம் நாலு செடி வைத்தால் பயன் இல்லை; கொய்யா வரிசைகளுக்கு நடுவே நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் வளரவிட வேண்டும். சணப்பையை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதில் பசுந்தாள் உரமும் கிடைக்கிறது என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்த வழி. அப்படி உழும்போது மரத்தின் சல்லி வேர்களை அறுக்காமல் வரிசை நடுவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உயிரி முறைகளில் பர்ப்யூரியோசிலியம் லிலாசினம், பொகோனியா கிளாமிடோஸ்போரியா ஆகிய இரண்டு பூஞ்சாணங்களும் முட்டைக்கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்பவை. இவற்றையும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவையும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சாணத்தையும் நேராக மண்ணில் தூவிவிட்டுப் பலன் இல்லை என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். சத்தில்லாத சூடான மண்ணில் இவை பிழைக்காது. ஒரு டன் மக்கிய தொழு உரத்துக்கு ஒவ்வொன்றிலும் 2 கிலோ வீதம் கலந்து, வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் மூடி வைத்து, இடையிடையே கிளறிவிட்டால் அவை அந்த எருவிலேயே பல்கிப் பெருகும். அந்த எருவை மரத்தைச் சுற்றிச் சல்லி வேர் ஓடும் வட்டத்தில் இட்டு மண் மூடி, மேலே மூடாக்குப் போட்டு, பருவம் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மரம் புதுச் சல்லி வேர் விடும் வேகம் புழு அழிக்கும் வேகத்தை மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். அதனால் தண்ணீரையும் உரத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுப்பதும் இந்த வைத்தியத்தின் பகுதியே.

குருணை மருந்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. போரேட் என்ற குருணை மருந்து 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. கார்போஃபியூரானுக்கும் கடுமையான கட்டுப்பாடு வந்துவிட்டது. இவற்றுக்கு முன்னால் உலகம் முழுவதும் பயன்பட்ட டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி, 1977-இல் கலிபோர்னியாத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு மலட்டுத்தன்மையை உண்டாக்கியது தெரிந்த பின்புதான் விலக்கப்பட்டது. ஃப்ளுயோபைரம், ஃப்ளுயென்சல்ஃபோன் போன்ற புது மருந்துகள் பழையவற்றைவிட நஞ்சு குறைந்தவை, தக்காளி போன்ற குறுகிய காலப் பயிரில் நன்றாக வேலை செய்பவை. ஆனால் டப்பாவின் லேபிளில் கொய்யாவின் பெயர் இல்லாவிட்டால் இடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாள்தோறும் பழம் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் மரம் இது.

நிலையான தீர்வு வேர்க்கட்டையில், அதாவது ஒட்டுக்கட்டும்போது அடியில் வைக்கும் வேர்ச்செடியில், இருக்கிறது என்று நம்புகிறேன். கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நடுவது நம் மாநிலத்தில் பரவலாகிவிட்டது. சுண்டை வேர் இன்காக்னிட்டாவுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. கொய்யாவுக்கும் இதே வழியில் பிரேசிலின் எம்ப்ராபா வேளாண் ஆய்வு நிறுவனம், கொய்யாவையும் அதன் காட்டு உறவினத்தையும் கலந்து, என்டெரோலோபியைத் தாங்கும் வேர்க்கட்டை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. நம் மண்ணுக்கும் லக்னோ-49 போன்ற நம் ரகங்களுக்கும் பொருந்தும் வேர்க்கட்டை விவசாயிகளின் கைக்கு விரைவில் வந்து சேர வேண்டும். இதற்குச் செலவிடும் ஆய்வுப் பணம் ஒரு ரூபாயும் வீண்போகாது.

மரம் பட்டுப்போன குழியில் உடனே புதுக் கொய்யாக் கன்றை வைக்க வேண்டாம். அடிக்கட்டையை வேரோடு பெயர்த்து, அறுந்த வேர்த் துண்டுகளையும் பொறுக்கி எடுத்து, அங்கேயே காயவைத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் ஓரிரு ஆண்டு நிலக்கடலையும் செண்டுமல்லியும் மாற்றி மாற்றிப் போடுங்கள். தாக்குண்ட பகுதியில் ஓடிய ரோட்டவேட்டரும் கலப்பையும் அடுத்த பகுதிக்குப் போகும் முன் மண் போகக் கழுவப்பட வேண்டும். பாசன நீர் அங்கிருந்து வழிந்து மற்ற வரிசைக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மறு நடவுக்கு முன் மண்ணைச் சோதிக்க விரும்புபவர்கள், வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பல இடங்களில் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஈரமண் எடுத்துக் கலந்து, அதில் கால் கிலோவையும் ஒரு கைப்பிடி சல்லி வேரையும் பாலித்தீன் பையில் கட்டி, பயிரின் பெயரையும் தேதியையும் எழுதி, வெயில் படாமல் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறைக்கோ கொண்டுபோகலாம். மண்ணைக் காயவைத்துக் கொண்டுபோனால் புழு செத்துவிடும், அறிக்கையில் ஒன்றும் இல்லை என்றே வரும்.